ஏரியின் மேல் பரவிய புகை

ஸ்விட்ஸர்லாந்து என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பனிமலை, கழுத்தில் மணி கட்டிய பசு மாடு, சாக்லெட், அப்புறம் சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடி ஆடுகிற புல்வெளி. ஒரு பாட்டு பிறந்த இடத்தைப் பார்ப்பதற்காக அங்கே போய் வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். அதுவும் என்ன பாட்டு? எம்.எஸ். அம்மாவும் பழைய சினிமாப் பாட்டுமாகக் காதைப் பழக்கி வைத்திருக்கிற எனக்குச் சின்ன வயதில் பெரிய தலைவலியாக இருந்த ஒரு மேல்நாட்டு ராக் பாட்டு!

தலைவலிக்குக் காரணம் என் தம்பி. கல்லூரியில் படிக்கும்போது யாரிடமோ இரண்டாம் கையாக ஒரு கிடார் வாங்கி வந்தான். காலையில் பால் காய்ச்சும்போது ஆரம்பித்தால் ராத்திரி விளக்கணைக்கும் வரை அதே நாலு ஸ்வரம்தான். "வேற பாட்டே உனக்குத் தெரியாதாடா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். உலகம் முழுக்க கிடார் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் முதலில் வாசிப்பதே அந்த நாலு ஸ்வரத்தைத்தான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஏதோ நம் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாட்டின் பெயர் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. பாடியது 'டீப் பர்ப்பிள்' என்கிற இங்கிலாந்துக் குழு. தண்ணீர் மேல் புகை என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் எது, புகை எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் சொல்லப் போகிற கதை.

தம்பி இப்போது லோஸான் நகரத்தில் வேலை பார்க்கிறான். நானும் இவரும் அவன் வீட்டில் மூன்று வாரம் இருந்தோம். ஒரு நாள் காலையில், "அக்கா, இன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் மோந்த்ரோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அத்தானுக்கு ஏரி, உனக்குக் கோட்டை, எனக்கு என் பாட்டு" என்றான். தயிர் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அந்த ஊர் ஹோட்டல் விலையைக் கேட்டால் தயிர் சாதத்தின் அருமை தெரியும்.

லோஸானிலிருந்து மோந்த்ரோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆவதில்லை. போகும்போது வலது கைப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஏரி முழுக்க அந்தப் பக்கம்தான். இடது பக்கம் மலைச்சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். நம் மலை ஊர்களில் தேயிலைக்கும் காய்கறிக்கும் சரிவை வெட்டி வைத்திருப்பார்களே, அதுபோலக் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள். 'லவோ' என்று பெயர். 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. வழியில் வெவே என்று ஓர் ஊர். சார்லி சாப்ளின் கடைசிக் காலத்தைக் கழித்தது அதை ஒட்டிய கிராமத்தில்தான். ஏரிக்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறதாம். நாங்கள் இறங்கவில்லை.

மோந்த்ரோ ஸ்டேஷனில் இறங்கிச் சரிவில் நாலு நிமிஷம் நடந்தால் ஏரிக்கரை. சுமார் 580 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழமான இடத்தில் 310 மீட்டர். ஏரி என்று சொல்லவே மனசு வரவில்லை. குட்டிக் கடல்! எதிர்க்கரை பிரான்ஸ் தேசம். அங்கே நீல நிறத்தில் மலைகள் நேராகத் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கின்றன. தெற்கே பார்த்தால் பல் வரிசை மாதிரி ஒரு பனிச்சிகரம். கரையோரம் நெடுக நடைபாதை, இருபுறமும் பூச்செடி. பனை ஜாதி மரங்கள்கூட இருக்கின்றன. மலை அணைப்பாக இருப்பதால் குளிர்காற்று நேரே தாக்குவதில்லை. அதனால்தான் சீக்குப் பிடித்தவர்களும் பணக்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். மூச்சு இழுத்துவிட்டாலே உடம்பு லேசாகிறது. வீட்டு வேலை என்ற நினைப்பே ஒரு நாள் முழுக்க எனக்கு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையோரமாகவே நடந்தால் காஸினோ வருகிறது. சூதாட்ட விடுதி என்று நாம் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த ஊரில் அது கச்சேரி மண்டபமாகவும் இருந்தது. 1881-இல் கட்டிய பழைய காஸினோவில்தான் 1967-இல் க்ளோத் நோப்ஸ் என்கிற இளைஞரும் அவருடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஜாஸ் சங்கீத விழா ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்று உலகப் பிரசித்தி பெற்ற விழா அது. நோப்ஸ் சமையல் தொழில் கற்றவர்! பிறகு ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இந்த விழாவைத் தொடங்கினார். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தது பழைய காஸினோ இல்லை. அது ஒரே நாளில் எரிந்து போயிற்று.

1971 டிசம்பர் 4, சனிக்கிழமை. டீப் பர்ப்பிள் குழுவினர் ஐந்து பேரும் புது இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்வதற்காக மோந்த்ரோவுக்கு வந்திருந்தார்கள். ஊரில் குளிர்காலத்துக்காகக் காஸினோவை மூடப் போகிறார்கள். காலியான மண்டபத்தில் சாவகாசமாக வாசித்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. பதிவுக் கருவிகளோ ஒரு பெரிய லாரிக்குள்ளேயே பொருத்தப்பட்டவை. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்கிற இன்னொரு பெரிய குழுவுக்குச் சொந்தமான அந்த லாரியை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். (அந்த லாரி இன்னும் இருக்கிறது. கானடாவில் கால்கரி என்ற ஊரில் சங்கீத அருங்காட்சியகம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள்.)

காஸினோவை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு கச்சேரி. அமெரிக்காவிலிருந்து ஃப்ராங்க் ஜப்பாவும் அவருடைய குழுவினரும் வந்து வாசித்தார்கள். மாலைக் கச்சேரி கூட இல்லை, பகல் கச்சேரி. வந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம், காலேஜ் படிக்கிற வயசுப் பிள்ளைகள். ஜப்பாவே பிற்பாடு தம் புத்தகத்தில் எழுதியிருப்பதன்படி 2500-லிருந்து 3000 பேர், அந்தக் கூடத்தின் கொள்ளளவுக்கு மேலேயே. டீப் பர்ப்பிள் ஆட்களும் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கச்சேரி முடிகிற சமயம். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவன் வெளிச்சத் துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட்டுவிட்டான். கப்பலில் ஆபத்து என்றால் வானத்தில் சிவப்பு வெளிச்சம் காட்டச் சுடுவார்களே, அந்த மாதிரித் துப்பாக்கி. சங்கீதம் கேட்க வருகிறவன் கையில் அது எதற்கு? கூடத்தின் மேல்தளத்தைப் பிரம்புப் பின்னலால் அழகு பண்ணியிருந்தார்கள். காய்ந்த பிரம்பு. கூரை பற்றினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் யாருக்கும் அது பெரிசாகப் படவில்லையாம். மேலே மூலையில் சின்னதாக ஒரு பொறி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். வேடிக்கை பார்த்தார்கள். ஜப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு, பதற்றப்படாமல் எல்லோரும் வெளியே போய்விடலாம் என்று மைக்கில் சொன்னார். இங்கிலீஷில் சொன்னார். கேட்டவர்கள் பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஆனாலும் புரிந்துகொண்டார்கள். உயிர் போகிற விஷயம் என்றால் தெரியாத பாஷையும் நன்றாகவே புரிந்துவிடுகிறது என்று அவர் எழுதியிருக்கிறார்.

இதற்கு அடுத்து அவர் எழுதியிருப்பதைத்தான் தம்பி சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. டிக்கெட் கிடைக்காத பிள்ளைகள் வெளியே நின்று உள்ளே நுழையப் பார்த்தார்களாம். அவர்களைத் தடுப்பதற்காக வெளியேறும் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்களாம்! மிச்சம் இருந்தது முன்பக்கத்துக் கதவு. அதுவும் சின்னது. இன்னொன்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். ஜப்பாவின் ஆள் ஒருவர் வாத்தியப் பெட்டி ஒன்றைத் தூக்கி அந்தக் கண்ணாடியை உடைத்தார். அதன் வழியாகப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கீழே தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். வாத்தியக்காரர்கள் மேடைக்குப் பின்னால் இருந்த சுரங்கப் பாதை வழியாக வெளியே வந்தார்கள். சிறிது நேரத்தில் கட்டடத்தைச் சூடு பண்ணுகிற கொதிகலன் அமைப்பு வெடித்தது. அதில் சிலர் ஜன்னல் வழியே தூக்கி எறியப்பட்டார்கள்.

நம்ப மாட்டீர்கள், ஒரு பிள்ளைகூட சாகவில்லை. சிலருக்கு லேசான காயம். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு காரணம் நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன நோப்ஸ். வெளியே ஓடாமல், உள்ளேயே பத்திரம் என்று நினைத்துப் பதுங்கிவிட்ட பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். பயந்த குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் இல்லையா, அது மாதிரி. மண்டபத்தின் சந்து பொந்தெல்லாம் நோப்ஸுக்கு அத்துப்படி. புகைக்குள் போவதும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவதும், மறுபடி போவதுமாக இருந்தார். பாட்டில் அவர் பெயர் வருகிறது. உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டார் என்று அப்படியே சொல்கிறார்கள். நாங்கள் சின்ன வயதில் ஒரு வார்த்தை புரியாமல் கேட்ட பாட்டுக்குள் இப்படி ஒரு மனுஷர் இருந்திருக்கிறார்!

நெருப்பைவிடப் புகைதான் ஆளைக் கொல்லும் என்பது நம் பத்திரிகை வாசகிகளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு வார்த்தை. சூடான புகை மேலே போகும், தரையை ஒட்டித்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். அதனால் குனிந்து, வேண்டுமானால் தவழ்ந்தாவது வர வேண்டும். அறைக்குள்ளே ஒளிந்துகொண்டால் இரண்டு மூச்சில் மயக்கம் வந்துவிடும். அந்தப் பிள்ளைகளை யாராவது போய் இழுத்திராவிட்டால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

புதுக் காஸினோவின் வாசலில் நின்று தம்பி இதையெல்லாம் சொன்னபோது இவர் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போய் வந்து, "கதவு நிறையவே வெச்சிருக்காங்க இப்போ" என்றார். எனக்கு வேறு ஞாபகம். சனிக்கிழமை சாயங்காலம். அந்தச் சின்ன ஊரில், சுற்றுப்பட்ட ஊர்களில், எத்தனை வீட்டில் அம்மாக்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஜையில் தட்டு வைத்திருப்பார்கள்! மலை மேல் வீடு இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தாலே கீழே காஸினோ எரிவது தெரிந்திருக்கும். கையில் செல்போன் இல்லாத காலம். பிள்ளை வாசற்படி ஏறி வருகிற வரை அவர்கள் பட்ட பாட்டை எந்தப் பாட்டில் எழுதுவது?

துப்பாக்கி சுட்டவன் என்று சந்தேகிக்கப்பட்ட ஆள் அகப்படவில்லை. ஜப்பாவின் குழு வாத்தியங்கள் எல்லாவற்றையும் இழந்தது. அவருக்கு அப்போது சனி தசையோ என்னவோ, ஆறே நாளில், டிசம்பர் 10-ஆம் தேதி லண்டனில் ரெயின்போ அரங்கத்தில் கச்சேரியின்போது ஒருவன் அவரை மேடையிலிருந்து தள்ளிவிட்டான். பலத்த அடி. வெகுநாள் சக்கர நாற்காலியில் இருந்தார்.

டீப் பர்ப்பிள் கதைக்கு வருவோம். மண்டபம் போயிற்று. பதிவு செய்ய வந்த இடமே எரிகிறது, ஐந்து பேரும் தாங்கள் தங்கியிருந்த ஹோட்டலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மலையிலிருந்து அடித்த காற்று புகையை மேலே போக விடாமல் அமுக்கி ஏரியின் மேல் தள்ளியது. தண்ணீர் முழுக்கப் புகைப் படலம். அதற்குச் சில நாள் கழித்து, அவர்களில் ஒருவரான ரோஜர் க்ளோவர் காலையில் தூக்கம் கலைகிறபோது தம்மை அறியாமல் அந்த நாலு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே எழுந்தாராம். வாயில் வந்ததைப் பாடகர் இயன் கில்லனிடம் சொல்லியிருக்கிறார். கேட்டால் ஏதோ போதை வஸ்து சம்பந்தப்பட்ட பாட்டு மாதிரி இருக்கிறதே என்று முதலில் தயங்கினார்களாம். அவர்கள் போதை வஸ்துப் பக்கம் போகிற குழு இல்லையாம், மதுபானத்தோடு சரி! (தம்பி இதைச் சொல்லும்போது அத்தானைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

வேறு இடம் தேட வேண்டுமே. அதற்கும் நோப்ஸ்தான் அலைந்தார். தன் மண்டபம் சாம்பலாகிக் கிடக்கும்போது, வந்த விருந்தாளிகளின் வேலை கெட்டுவிடக் கூடாது என்று அலைந்திருக்கிறார் பாருங்கள். முதலில் ஊருக்குள்ளேயே பெவிலியன் என்று ஒரு நாடகக் கொட்டகை கிடைத்தது. அங்கே ராத்திரியில் ஆரம்பித்தார்கள். ரிச்சி ப்ளாக்மோர் கிடாரில் அந்த நாலு ஸ்வரத்தை வாசித்தது அன்றைக்குத்தான். அப்போது பாட்டுக்கு வார்த்தையும் இல்லை, பெயரும் இல்லை. மெட்டு மட்டும்தான்.

நான் கொஞ்சம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஸட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், இந்த நாலுதான் மொத்தச் சரக்கு. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து உரசிக்கொண்டு வருகிறது. அதனால்தான் ஒரு தடவை கேட்டால் காதிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக மீட்டாமல் இரண்டு தந்திகளைச் சேர்த்துச் சுண்டுகிறார்கள், அதில் ஒரு முரட்டுத்தனம் வந்துவிடுகிறது. தம்பி வருஷக்கணக்கில் வாசித்தானே, அதில் இவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

கொட்டகையில் அடித்த சத்தத்தில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டுப் போலீஸில் புகார் செய்துவிட்டார்கள். நியாயம்தானே! ராத்திரி வேளையில் அந்தச் சத்தத்தை யார் தாங்குவது? நான் தாங்கியிருக்கிறேன், அது வேறு விஷயம். போலீஸார் வந்து கதவைத் தட்ட, உள்ளே இருந்த உதவியாளர்கள் கதவைத் திறக்காமல் பிடித்துக்கொண்டார்களாம், பதிவு முடிகிற வரை! முடிந்ததும் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். அந்த ஒரு மெட்டு மட்டும்தான் அங்கே தேறியது.

கடைசியில் கிடைத்தது தெரித்தே என்ற பகுதியில் இருந்த கிராண்ட் ஹோட்டல். நாங்கள் காஸினோவிலிருந்து அங்கே கரையோரமாகவே நடந்து போனோம். மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். நடக்க முடியாதவர்களுக்கு பஸ் இருக்கிறது. மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற பஸ், புகை கிடையாது. வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தயிர் சாதத்தை முடித்தோம். பக்கத்தில் குழாயில் வந்த தண்ணீரைத்தான் குடித்தோம். அந்த ஊரில் பொதுக் குழாயில் குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் அப்படிப் பலகை போட்டிருப்பார்கள்.

தெரித்தே ஒரு காலத்தில் ராஜா ராணிகள் வந்து தங்கிய இடம். ஆஸ்திரியச் சக்ரவர்த்தினி எலிஸபெத் இங்கே பல தடவை வந்திருக்கிறார். ரோஜாத் தோட்டத்தில் வெள்ளைக் கல்லில் அவருடைய சிலை இருக்கிறது. பாவம், 1898 செப்டம்பர் 10-ஆம் தேதி இதே ஏரியின் மறுகோடியில், ஜெனீவாவில் படகு ஏறப் போகும்போது ஒருவன் கூரான அரத்தால் குத்திக் கொன்றுவிட்டான். சிலையின் முகத்தில் அப்படி ஒரு சோகம். எதிரே பார்த்தால் மலையேறுகிற கயிற்று ரயில். 1883-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஏறிப் பார்க்க ஆசைதான், முழங்கால் வலிக்கு உட்கார்ந்தே போகிற எதுவும் சுகம். ஆனால் தம்பிக்கு ஹோட்டலைப் பார்க்கிற அவசரம்.

ஹோட்டல் இப்போது ஹோட்டல் இல்லை, ஆட்கள் குடியிருக்கிற அடுக்கு வீடுகளாக மாற்றிவிட்டார்கள். வெளியே நின்றுதான் பார்க்க முடியும். பால்கனிகளில் செடித் தொட்டிகள் வைத்திருந்தார்கள். 1971 டிசம்பரில் இது குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்தது. ஆள் அரவம் இல்லாத பெரிய கட்டடம், ஒரே குளிர். கீழ்த் தளத்து நடைவழி ஒன்றில் வாத்தியங்களை வைத்தார்கள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க என்ன செய்தார்கள் தெரியுமா? ஹோட்டல் அறைகளில் இருந்த மெத்தைகளை எடுத்து வந்து நடைவழியில் அடைத்துவிட்டார்கள்! இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குளிர்காலம் முடிந்து திரும்பி வந்த வேலைக்காரம்மா எந்த மெத்தை எந்த அறைக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தாளோ!

பதிவு லாரி வாசலில் நிற்கிறது. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால் அறைக்குள் நுழைந்து, பால்கனி தாண்டி, இன்னோர் அறை வழியாக, பனியில் இறங்கி லாரிக்குப் போக வேண்டும். இரண்டு தடவை போய் வந்ததும் அலுத்துவிட்டது. பதிவு செய்கிற இன்ஜினியர் மார்ட்டின் பர்ச் சரி என்றால் சரி என்று விட்டுவிட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கவில்லை என்பதால்தான் அந்த இசைத்தட்டில் ஓர் உயிர் இருக்கிறது என்பது தம்பியின் கட்சி. இருக்கலாம். கோலத்தைக்கூடத் துடைத்துத் துடைத்துப் போட்டால் களை போய்விடுகிறது.

எல்லாம் முடிகிற சமயத்தில், இசைத்தட்டு நிரம்ப இன்னும் ஏழு நிமிஷம் குறைகிறது என்றார் இன்ஜினியர். அப்போதுதான் கொட்டகையில் போலீஸுக்குப் பயந்து அவசரமாக வாசித்து வைத்த பெயரில்லாத மெட்டு ஞாபகம் வந்தது. க்ளோவரும் கில்லனும் உட்கார்ந்து அதற்கு வார்த்தை எழுதினார்கள். கற்பனை எதுவும் இல்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்தோம், மண்டபம் எரிந்தது, நோப்ஸ் பிள்ளைகளைக் காப்பாற்றினார், பிறகு காலியான குளிர்ந்த ஹோட்டலில் வந்து வாசித்தோம் என்று ஊருக்குக் கடுதாசி எழுதுகிற மாதிரி எழுதிவிட்டார்கள். நிரப்புவதற்காகப் போட்ட பாட்டு அது!

'மெஷின் ஹெட்' என்ற அந்த இசைத்தட்டு 1972 மார்ச் மாதம் வெளிவந்தது. அதிலிருந்து தனித்தட்டாக முதலில் வெளியிட்டது வேறொரு பாட்டை. அது பெரிதாக ஓடவில்லை. மேடைக் கச்சேரிகளில் இந்தப் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு 1973-இல்தான் இதைத் தனித்தட்டாகப் போட்டார்கள். அமெரிக்காவின் பிரபலமான தரவரிசையில் நாலாவது இடம் வரை ஏறியது. அப்புறம் நடந்ததுதான் நம் வீட்டு அடுப்படி வரை வந்துவிட்டதே.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரிய பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, நிவாரண நிதிக்காகப் பல குழுக்களின் பாடகர்களும் கிடார்க்காரர்களும் சேர்ந்து 1989-இல் பாடியதும் இதே பாட்டுதான். பிள்ளைகளைக் காப்பாற்றியதைப் பற்றிய பாட்டு, வீடிழந்தவர்களுக்குப் பணம் சேர்த்தது. இது எனக்குப் பிடித்திருந்தது.

காஸினோவை 1975-இல் திரும்பக் கட்டினார்கள். ஜாஸ் விழாவும் அங்கே திரும்பி வந்தது. அதே கட்டடத்தில் பாட்டுப் பதிவுக்கூடம் ஒன்றும் வந்தது. அதை 'க்வீன்' என்கிற குழு விலைக்கு வாங்கிப் பல இசைத்தட்டுகளை அங்கே பதிவு செய்தது. இப்போது அந்தக் கூடத்தைக் காட்சி அறையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்க்குரியின் சிலை ஏரியைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 1996-இல் வைத்தது. அவர் ஸான்ஸிபாரில் பிறந்த பார்ஸிக்காரர், நம் நாட்டில் பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர் என்று தெரிந்ததும் இவருக்கு ஏக குஷி. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி பக்கத்தில் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டார். யார் யாரோ பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

டீப் பர்ப்பிள் பாட்டுக்கும் கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பாட்டின் பெயரும், அந்த நாலு ஸ்வரத்தின் மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பும் அதில் இருக்கின்றன. சிலைக்கு இருக்கிற கூட்டம் இதற்கு இல்லை. நாங்கள் போனபோது இரண்டு குழந்தைகள் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தான். ஆறு வருஷமாக அரை மணி நேர தூரத்தில் இருக்கிறான், ஆனால் அவனும் அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தானாம். "ஏன்டா?" என்றேன். "தனியா வந்து என்ன பண்றது, அக்கா? இதைக் கேட்டுத் திட்டினவங்க யாராவது கூட இருக்கணும்ல" என்றான். திட்டினவள் அம்மாதான், நான் இல்லை. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது.

நோப்ஸ் தம் கடைசி நாள் வரை அந்த விழாவை நடத்தினார். ஒவ்வொரு கச்சேரியையும் படமும் ஒலியுமாகப் பதிவு செய்து பாதுகாத்து வைத்தார். ஊருக்கு மேலே கோ என்ற மலைக் கிராமத்தில் வீடு. கச்சேரிக்கு வருகிற மகா பெரிய வித்வான்களை அழைத்துத் தாமே சமைத்துப் போடுவாராம். 2012 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிச்சறுக்கு விளையாடும்போது விழுந்து நினைவிழந்தவர், 2013 ஜனவரி 10-ஆம் தேதி காலமானார். வயது 76. அந்தச் சனிக்கிழமை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகளில் பலர் இன்று எழுபதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள், பேரன் பேத்திகளோடு.

தெரித்தேயிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம் நடந்தால் ஷியோன் கோட்டை. தண்ணீருக்குள்ளேயே பாறை மேல் நிற்கிறது. பாதாளச் சிறை, பழைய அடுப்படி எல்லாம் பார்க்க வேண்டியவை. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சாயங்காலம் கோட்டை வாசலிலிருந்து பஸ் பிடித்து மோந்த்ரோவுக்குத் திரும்பினோம். ஏரி தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. மலையடிவாரத்திலிருந்து மெல்லிசாக மூடுபனி இறங்கித் தண்ணீர் மேல் படர ஆரம்பித்தது. தம்பி ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். நாலு ஸ்வரம். இந்தத் தடவை நான் நிறுத்தச் சொல்லவில்லை.